ஒரே டப்பாவில் அடுக்கிய விருந்து

பாதி காலியாக இருக்கும் எதைக் கண்டாலும் பெரியவருக்குக் கை சும்மா இருக்காது. கிடங்கில் சரக்கு அடுக்கியே தலை நரைத்த மனிதர். லாரியின் பின்கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு தலையணை நுழைகிற அளவுக்கு இடம் மிச்சமிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சந்தடைப்பான்'. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தக் கை ஓய்வு பெறவில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

விடுமுறைக்காக மகன் வீட்டில் பெரிய விருந்து. மகனோடு வேலை பார்ப்பவர்கள், மாடிக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று கூடம் நிறைய ஆட்கள். மருமகள் ஒருத்தியாக நின்று சமைத்தாள். சுட்ட கோழி, வெண்ணெய் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பட்டாணியும் பீன்ஸும், கடைசியில் சாப்பிடப் பாலும் சர்க்கரையும் விட்டுக் கிளறிய பூசணிக்காய். வந்தவர்கள் வயிறார உண்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம். மருமகள் அவற்றைத் தனித்தனி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு விருந்தாளிகளை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். மறுநாள் மதியம் அவளுடைய அண்ணனும் அண்ணியும் சாப்பிட வருகிறார்கள். ஊரே கடையடைத்துக் கிடக்கும் நேரத்தில் அந்த டப்பாக்கள்தான் மறுநாள் சமையலுக்கு முதல்.

பெரியவர் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஐந்தாறு டப்பா. ஒன்றாவது நிறைந்திருக்க வேண்டுமே. எல்லாம் பாதி, கால், அரைக்கால். அவருக்கு உடம்பு கூசியது. அலமாரிக்கு மேலே ஒரு பெரிய டப்பா சும்மா கிடந்தது. அப்புறம் என்ன, எல்லாவற்றையும் அதில் கொட்டி, கரண்டியின் முதுகால் மூலை முடுக்கெல்லாம் அமுக்கி, விளிம்பு வரை மட்டமாக்கி மூடினார். கழுவிய டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்துவிட்டுப் போய் நிம்மதியாகப் படுத்தார்.

காலையில் மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாமா, பூசணிக்காய் ஒரு டப்பால இருந்துச்சே, அது எங்க?"

"எல்லாம் அந்தப் பெரிய டப்பாலதான்மா இருக்கு. கீழ்த்தட்டு பூரா காலியாக்கிட்டேன், பாத்தியா?"

அவள் மூடியைத் திறந்தாள். விரலால் ஓரத்தில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் ஒரு மாதிரி போனது. சத்தம் கேட்டு மகன் வந்தான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்கப்பா விருந்து மொத்தத்தையும் ஒரே லாரியில ஏத்திட்டார்."

மகனும் தொட்டு நக்கிப் பார்த்தான். "ஐயோ அப்பா. கோழில சக்கரையா? இது என்னன்னு ஒரு தடவ முகர்ந்து பாக்கக்கூடவா தோணல?"

"உருளைக்கிழங்குன்னு நெனச்சேன்பா. மஞ்சளா, மெத்துன்னு இருந்துச்சு."

"இன்னைக்குன்னு பாத்துதானா? மச்சான் வர்ற அன்னைக்கு?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. மச்சான் எதற்கு வருகிறான் என்பது அவருக்கும் தெரியும். சைக்கிள் கடை மாடியில் அவர் குடியிருந்த அறையை இடிக்கப் போகிறார்கள். இரண்டு பையோடு விடுமுறைக்கு என்று இங்கே வந்தவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. இந்த வீட்டிலோ ஒரே படுக்கையறை. அவர் கூடத்தில் சோஃபாவில் காலை மடக்கிப் படுக்கிறார். மருமகளுக்கு எதற்குக் கூடுதல் பாரம் என்று மகனாகவே யோசித்து, வயதானவர்கள் தங்கும் ஒரு விடுதியில் இடம் கேட்கச் சொல்லியிருந்தான். அந்த விடுதியில் கணக்கு எழுதுகிறவரை மச்சானுக்குப் பழக்கம். இடம் உண்டா இல்லையா என்ற பதிலோடுதான் அவன் சாப்பிட வருகிறான்.

"போறீங்களாப்பா?" என்று மகன் கேட்டபோது, "எனக்கென்னப்பா, எங்க விட்டாலும் கெடப்பேன்" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அவருக்குப் போக இஷ்டமில்லை. மருமகள் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவள். சாயங்காலம் நகக்கண்ணில் பச்சையும் நீலமுமாக வந்து, அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டுவாள். ஒருத்தர் சுவரிலிருந்து பெயர்த்த சில்லைக் கொண்டுவந்து "இதே கலர்" என்பாராம். இன்னொருத்தர் "மழை வர்றதுக்கு முன்னாடி வானம் இருக்குமே, அந்தக் கலர்" என்பாராம். பெரியவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். சைக்கிள் கடை மாடியில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. இப்போது இந்தச் சாப்பாடும் கெட்டுப்போய், "பாத்தீங்களா மச்சான், இதுக்குத்தான் சொல்றேன்" என்று மகன் வாயெடுத்தால் எல்லாம் முடிந்தது.

"ஏதாவது கடை திறந்திருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று மகன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மருமகள் கூந்தலை முடிந்துகொண்டாள்.

"கொட்டிடலாமாம்மா?" என்று பெரியவர் மெல்லக் கேட்டார்.

"கொட்டுறதுக்கா மாமா நேத்து முழுக்க கால் கடுக்க நின்னேன்? அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. கோழில எலும்பு இருக்கும். ஒண்ணு விடாம எடுத்து இந்தச் சட்டில போடுங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். எலும்பு கொஞ்சம் சேர்ந்ததும் அவள் அந்தச் சட்டியில் தண்ணீர் விட்டு ஓர் அடுப்பில் ஏற்றினாள். பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்களாக எடுத்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் அந்தக் கலவையில் ஒரு கரண்டி.

"இது எதுக்குமா?"

"மொத்தத்துல கை வெக்கக் கூடாது மாமா. கடையில நான் அப்படித்தான். முதல்ல சின்னக் கப்புல கலந்து பாப்பேன். அது சரியா வந்தாத்தான் பெரிய டின். சரி, பெயின்ட்ல சிவப்பு கூடிப்போச்சுன்னா என்ன பண்ணுவோம், சொல்லுங்க?"

"வெள்ளைய ஊத்துவீங்க."

"ஊத்துனா ரோஸ் ஆயிடும். ஒரு டின்னுக்கு மூணு டின் வேற ஆயிடும். பச்சை ஒரு சொட்டு விடணும். போட்டத திரும்ப எடுக்க முடியாதுல்ல. அதுக்கு எதிர்ல ஒண்ணக் கொண்டுவந்து நிறுத்தணும்."

"அப்ப இனிப்புக்கு யாரு எதிராளி?"

"அதத்தான் தேடப் போறோம்."

முதல் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்தாள். ருசி பார்த்து, கரண்டியை அவரிடம் நீட்டினாள். "எப்படி இருக்கு?"

"பிள்ளைங்க சப்புற மிட்டாய் மாதிரி இருக்குமா."

"ஆமா. கோழி மிட்டாய்." அந்தக் கிண்ணத்தை ஒதுக்கினாள். அடுத்ததில் மிளகாய்த்தூள். அதைச் சாப்பிட்டதும் பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கிள்ளுகிற மாதிரி இருந்தது அது. முதலில் இனிப்பு, அது போகவே போகாமல் பின்னாலேயே காரம். மூன்றாவதில் உப்பும் மிளகும். "கிட்ட வருது" என்றாள் அவள். மறுபடி தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். பெரியவர் எலும்பு எடுப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கிடங்கில் அவருக்கு வேலை பழக்கியவரும் சரக்கைத் தூக்குமுன் இப்படித்தான் ஒரு நிமிடம் நிற்பார். உலகமே அவசரப்படுத்தினாலும் நிற்பார்.

"கசப்பு வேணும் மாமா" என்றாள் கண்ணைத் திறந்து.

"கசப்பா? வீட்ல ஏது கசப்பு?"

"பண்ணிக்கலாம்."

நான்கு வெங்காயத்தை மெல்லிசாக அரிந்தாள். இரும்புச் சட்டியைக் காயவைத்து எண்ணெய் விட்டு அதில் போட்டாள். வெங்காயம் வெளுத்தது, பொன்னிறமானது, சிவந்தது. அவள் கிளறவில்லை. ஓரம் கறுக்கத் தொடங்கியது.

"அம்மாடி, கருகுது."

"கருகட்டும்."

"பொகை வருதும்மா."

"வரட்டும் மாமா. சன்னலத் திறந்து விடுங்க."

சன்னலைத் திறந்துவிட்டு வந்து அவர் மிச்ச எலும்பைப் பொறுக்க உட்கார்ந்தார். வெங்காயத்தின் ஓரமெல்லாம் கரியாகி, நடுவில் மட்டும் பழுப்பாக நின்ற அந்தப் பதத்தில் அவள் சட்டென்று தீயைக் குறைத்து, நசுக்கிய பூண்டைப் போட்டு, வினிகரை ஒரு சுற்று விட்டாள். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. இருவருக்கும் கண்ணில் நீர். இன்னொரு நொடி விட்டிருந்தால் எல்லாம் கரி. ஒரு நொடி முந்தியிருந்தால் வெறும் வதக்கல். எங்கே நிறுத்துவது என்பது இவளுக்கு எப்படித் தெரிகிறது என்று பெரியவர் அசந்துபோனார். யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. சமையல் புத்தகமும் இல்லை. சர்க்கரை போட்ட கோழியைத் திருப்பிக் கொண்டுவா என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கப் போகிறது?

உப்பும் மிளகும் போட்ட கிண்ணத்தில் அந்த வெங்காயத்தில் ஒரு தேக்கரண்டி கலந்தாள். ருசி பார்த்தாள். இன்னும் அரைத் தேக்கரண்டி. மறுபடி பார்த்தாள். கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பெரியவர் வாயில் போட்டார். முதலில் புகை வாசம். அப்புறம் உப்பும் உறைப்பும். அப்புறம் கோழி. பூசணி எங்கே என்று நாக்கால் தேடினார். இருந்தது. ஆனால் வகுப்பில் சத்தம் போட்ட பையனைக் கடைசி வரிசைக்கு அனுப்பின மாதிரி, அடங்கி ஒடுங்கிப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"என்ன மாமா, பேச்சையே காணோம்?"

"என்னத்தச் சொல்றது. இன்னொரு வாய் குடு."

அவள் சிரித்தாள். "இருங்க. இப்பதான் பெரிய டின்னுக்கு வந்திருக்கோம். இந்தக் கரண்டியால அளந்தா அந்த டப்பால எத்தனை தேறும்? கண்ணாலயே சொல்லுவீங்களே."

அவர் டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். "எலும்பு போக, முப்பத்தஞ்சு."

"அவ்வளவு உறுதியா?"

"கூட ஒண்ணு இருக்கும். குறையாது."

அந்த வார்த்தையை வைத்தே அவள் உப்பு, மிளகு, வெங்காயம் மூன்றையும் அளந்து போட்டாள். தன் கணக்கை அவள் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டதில் பெரியவருக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

கலவை தளர்வாக இருந்தது. விருந்தில் யாரும் தொடாத ரொட்டி ஓரங்களைச் சூட்டில் முறுகவைத்து, துணியில் முடிந்து, பாட்டிலை உருட்டி நொறுக்கச் சொன்னாள். நொறுக்கியதில் பாதியையும் இரண்டு முட்டையையும் உள்ளே சேர்த்துப் பிசைந்தாள். மீதி மேலே புரட்ட. பெரியவர் உள்ளங்கையில் வைத்துத் தட்டத் தொடங்கினார். ஒவ்வொன்றும் ஒரே கனம், ஒரே வட்டம். அவரே சட்டியிலும் அடுக்கினார்.

"மாமா, இது லாரி இல்ல. திருப்பிப் போட இடம் வேணாமா?"

"எவ்வளவு இடம் வீணாப் போகுது பாரும்மா."

"போகட்டும். நாலு நாலாப் போடுங்க."

மனசே இல்லாமல் நாலு நாலாகப் போட்டார். ஒவ்வொன்றாகப் பொன்னிறத்தில் திரும்பியது. அவள் தோசைத் திருப்பியால் ஒரு தட்டு, ஒரு புரட்டு, ஒன்றாவது உடையவில்லை. காலையில் அழுமூஞ்சியாக டப்பாவில் கிடந்தது இதுதானா? பக்கத்து அடுப்பில் எலும்புச் சாறு மணக்கத் தொடங்கியிருந்தது. இப்படிப்பட்ட கையின் பக்கத்தில் நின்றுகொண்டு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றைப் பேசுவது பெரியவருக்குக் கூச்சமாக இருந்தது. தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னார்.

"எனக்கு அந்த விடுதிக்குப் போக வேணாம்மா. அவன் கேட்டப்ப எங்க விட்டாலும் கெடப்பேன்னேன். சும்மா சொன்னேன். எனக்கு இங்கதான் இருக்கணும்."

அவள் முகம் சட்டிப் பக்கம் இருந்தது. எண்ணெய் படபடவென்று வெடித்தது.

"அடுத்ததக் குடுங்க மாமா" என்றாள்.

அவ்வளவுதான். காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மிச்சத்தையும் தட்டி முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

மச்சானும் அவன் மனைவியும் வந்து உட்கார்ந்த பிறகுதான் மகன் வந்தான். சுற்றாத தெருவில்லை, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் மட்டும்.

"என்ன மாப்ள, விருந்துக்குக் கூப்பிட்டுட்டு பிஸ்கட்டா?"

"அது உனக்கில்லண்ணா, அவருக்கு" என்று மருமகள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கிண்ணங்களில் எலும்புச் சாறு, மேலே மிளகு. தட்டில் சூடு பறக்கப் பொரித்தவை.

மகன் சந்தேகத்தோடு ஓர் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டான். மென்றான். மனைவியைப் பார்த்தான். அப்புறம் பிஸ்கட் பாக்கெட்டை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"பாப்பா, இது என்ன, கட்லெட்டா?" என்றான் மச்சான் வாய் நிறைய.

"இன்னும் பேர் வெக்கல. நேத்து மிச்சம்தான்."

"இதுவா மிச்சம்? எங்க வீட்ல மிச்சம்னா பாத்தாலே மிச்சம்னு தெரியும்."

"எங்க வீட்ல எங்க மிச்சம் இருக்கு, நீங்க இருக்கறப்ப?" என்றாள் அவன் மனைவி. அவள் ஒரு துண்டை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். "கடைசில ஏதோ லேசா இனிக்குதே, என்ன அது?"

"பூசணிக்காய் அண்ணி."

"கோழில பூசணியா? யாருக்கும்மா இந்த யோசனை வந்துச்சு?"

மகன் தட்டைப் பார்த்தான். பெரியவர் சாற்றுக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"மாமாவுக்குத்தான்" என்றாள் மருமகள்.

"அட, மாமாவுக்கு இதெல்லாம்கூட வருமா?" என்று அண்ணி வியந்தாள். மகனுக்குப் புரை ஏறியது. மருமகள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

மச்சான் விரலைத் துடைத்துக்கொண்டான். "மறந்துட்டேன் பாருங்க. மாமா, உங்களுக்கு நல்ல சேதி. விடுதில ஒரு கட்டில் காலியாயிருக்கு. சன்னலோரம். சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணுமாம், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். இப்பவே போன் போட்டுடவா?"

"போடுண்ணா" என்றாள் மருமகள். "போட்டு, அடுத்த ஆளுக்கே குடுத்துடச் சொல்லு."

மகன் திரும்பினான். "அப்பா சரின்னுட்டாரே?"

"உங்ககிட்ட சரின்னார். என்கிட்ட வேணாம்னார்."

"எப்ப?"

"அடுப்புகிட்ட. முக்காலில உக்காந்துக்கிட்டு." அவள் அண்ணனின் தட்டில் இன்னொன்றை வைத்தாள். "எனக்குப் பாரம்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. எனக்கு எது பாரம்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒண்டியா நின்னு செய்யற என் சமையல்ல, இன்னைக்குத்தான் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து வேலை செஞ்சார். அதுவும் அளவு தெரிஞ்ச ஆள்."

மகன் பிட்டதைத் தட்டிலேயே வைத்தான். காதோரம் சிவந்திருந்தது. பிறகு அப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பினான்.

"நெசமாப்பா?"

பெரியவருக்கு வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. எனக்கென்னப்பா, எங்க விட்டாலும். அதை விழுங்கினார்.

"ஆமாப்பா. இங்கயே இருக்கேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கலாம்தான்."

மச்சான் போனை எடுத்துக்கொண்டு எழுந்தவன், பாதியில் நின்றான். "ஏன் பாப்பா, வேணாம்னா போன்லயே சொல்லியிருக்கலாம்ல? வேகாத வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

"போன்ல சொன்னா இதெல்லாம் யாரு சாப்பிடறது?"

"அதுவும் சரிதான்" என்று அவன் தட்டில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டே சன்னல் பக்கம் போனான். மெல்லும் சத்தத்தோடு அவன் விடுதிக்காரரிடம் பேசுவது எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் பெரியவர் தன் தட்டில் இருந்ததைப் பிட்டார். ஆறிப்போயிருந்தது. ஆறினாலும் மேலே மொறுமொறுப்பு விடவில்லை. நிதானமாக மென்று முடித்துவிட்டு, மருமகள் பக்கம் தட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு வெய்யிம்மா" என்றார்.